கொல்லைப்புறத்தில் ஒரு தேசிய நீர்வழி

என் மனைவியின் தம்பி மகன் பிரான்ஸில் படகில் குடியிருக்கிறான். இந்தச் செய்தி சொந்தபந்தங்களுக்குள் பரவியபோது பாதிப் பேர், "ஐயோ பாவம், வாடகை கட்டுப்படி ஆகலையா?" என்று கேட்டார்கள். மீதிப் பேர், "அந்தப் படகு என்ன விலை வரும்?" என்று கேட்டார்கள். பையனுக்கு நல்ல வேலைதான். துலூஸ் நகரத்தில் விமானம் செய்கிற தொழிலைச் சார்ந்த உத்தியோகம். பகலெல்லாம் ஆகாயத்தில் பறக்கிற சாமானுக்காக உழைத்துவிட்டு ராத்திரி தண்ணீர்மேல் படுத்துக்கொள்கிறான். நடுவில் இருக்கிற தரையோடு அவனுக்கு என்ன மனஸ்தாபம் என்று அவன் அப்பாவுக்கே விளங்கவில்லை. "பொண்ணு வீட்டுல விலாசம் கேட்டா என்னத்தச் சொல்றது?" என்பது அவன் அம்மாவின் கவலை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்துக்கு அங்கே பொழுது விடிகிறது. வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு அத்தைக்கும் மாமாவுக்கும் தன் குளிர்காலத்தைச் சுற்றிக் காட்டுவான். பழைய சரக்குப் படகு. 30 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். ஒரு காலத்தில் தானிய மூட்டை அடுக்கிய இடத்தில் இப்போது ஹால், சமையலறை, படுக்கையறை. திருவல்லிக்கேணி ஸ்டோர் வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த அமைப்பு ஒன்றும் புதிதில்லை. வாசலில் நின்றால் கொல்லைக் கதவு தெரியும். நடுவில் யார் எந்த அறையில் என்ன செய்கிறார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஸ்டோர் வீடு மிதக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது இருக்கிற கொட்டிவாக்கம் ஃபிளாட்டைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

கொட்டிவாக்கத்துக்குக் கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே பக்கிங்காம் கால்வாய், நடுவில் ஈசிஆர் டிராஃபிக். மூன்றில் ஒழுங்காக நகர்வது கடல் ஒன்றுதான். எங்கள் தெரு ஈசிஆரில் ஆரம்பித்து, கோயிலையும் மாவு மில்லையும் தாண்டி, கால்வாய்க் கரையில் போய் முட்டி நிற்கும். வீட்டை விற்றவர் 'மேற்கே நீர்நிலை' என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்தார். கிழக்கிலும் தெற்கிலும் வடக்கிலும்கூட வருஷத்தில் சில நாள் நீர்நிலை உண்டு என்பது பத்திரத்தில் இல்லை.

பையனுடைய கால்வாய் பிரசித்தி பெற்றது. கனால் து மிதி என்று பெயர். 1666-ல் தோண்ட ஆரம்பித்து 1681-ல் திறந்தார்கள், 240 கிலோமீட்டர். தோண்ட வைத்த பியேர்-போல் ரிக்கே, ராஜாவுக்கு உப்பு வரி வசூலித்துக் கொடுத்தவர். சொந்தப் பணத்தையும் அதில் கொட்டிவிட்டு, திறப்பு விழாவுக்குச் சில மாதம் இருக்கையில் கண்ணை மூடிவிட்டார். 1996-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. இதையெல்லாம் பையன் சொல்லும்போது குரலில் ஒரு கம்பீரம் வந்துவிடும், ஏதோ ரிக்கே அவனுக்குத் தாய்வழித் தாத்தா என்பதுபோல.

விட்டுக்கொடுக்க முடியுமா? எங்கள் கால்வாயும் வம்சாவளி உள்ளதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் என்ற கம்பெனிக்காரர் சென்னையிலிருந்து எண்ணூருக்கு முதல் துண்டைத் தோண்டினார். அதனால் காக்ரேன் கால்வாய் என்றே வழங்கியது. மனிதர் சென்னையில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டு லண்டன் திரும்பி, போர்ட்மன் சதுக்கத்தில் நீராவிக் குளியல் நிலையம் வைத்தார். பாட்னாவிலிருந்து போன தீன் முகமது என்பவர் அங்கேதான் வேலை பார்த்தார். நீராவியில் வேகிற வித்தையைக் காக்ரேன் எங்கே கற்றிருப்பார் என்று மே மாதத்துச் சென்னைவாசிக்கு விளக்க வேண்டியதில்லை.

பிறகு வடக்கிலும் தெற்கிலும் நீட்டிக்கொண்டே போய், ஆந்திரத்துப் பெத்தகஞ்சத்திலிருந்து நம் மரக்காணம் வரை 400 கிலோமீட்டருக்கு மேல் ஆயிற்று. நடுவில் கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கிற 8 கிலோமீட்டர் மட்டும் பாக்கி. அதை 1877-78-ல், தாது வருஷப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாகத் தோண்டினார்கள். கஞ்சிக்கு வழியில்லாமல் பட்டணத்துக்கு வந்த ஜனங்கள் வெட்டிய கால்வாய்க்கு, அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். இந்த இடத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை. மேலே போகலாம்.

பிரான்ஸில் குளிர்காலம் வந்தால் பல கால்வாய்களில் பராமரிப்புக்காக மதகுகளை மூடிவிடுகிறார்கள். கதவைக் கழற்றிப் பழுது பார்ப்பது, தூர் வாருவது எல்லாம் அப்போதுதான். படகுக்காரர்கள் ஏதாவது ஓர் ஊரில் கட்டிப் போட்டுவிட்டு வசந்தம் வரை காத்திருக்க வேண்டும். "இனிமே மார்ச் வரைக்கும் நகர முடியாது மாமா" என்றான் பையன். எங்கள் கால்வாயில் அதே பராமரிப்பு ஐம்பது வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது போலிருக்கிறது. ஒரு படகும் நகரவில்லை.

குளிரில் மட்டும் அவனோடு போட்டி போட முடியாது. "இன்னிக்குக் காலையில ரெண்டு டிகிரி" என்று அவன் சொன்னால், "இங்கயும் சரியான குளிர்டா, இருபத்திரண்டு" என்று என் மனைவி மனசாரச் சொல்வாள். சென்னையில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் நூறு வருஷத்துக்கு முந்திய கணக்கு. ஆனாலும் மார்கழி பிறந்தால் எங்கள் தெருவில் வாக்கிங் போகிறவர்களைப் பார்க்க வேண்டும். மங்கி கேப், மஃப்ளர், கையில்லாத ஸ்வெட்டர், காதில் பஞ்சு. கீழே மட்டும் லுங்கி. இமயமலை ஏறப் புறப்பட்டவர் பாதி உடுத்தும்போது மனசு மாறிப் பால் வாங்கப் போவதுபோல் இருக்கும்.

படகில் விறகு அடுப்பு இருக்கிறது, சூட்டுக்கு. இரும்பு அடுப்பு, புகைபோக்கி கூரை வழியாக மேலே போகிறது. ராத்திரி படுக்கும் முன் பெரிய கட்டையாகப் பார்த்து வைத்து, காற்று போகிற வழியைக் குறுக்கிவிட்டால் விடியும்வரை கனிந்துகொண்டிருக்குமாம். அதிகம் குறுக்கினால் அணைந்துவிடும், குறைவாகக் குறுக்கினால் நடுராத்திரி எழுந்து கட்டை போட வேண்டும். எம்.டெக். படித்த பையன் இதை விளக்கியதைக் கேட்டு என் மாமியார், "வெந்நீர் அடுப்புதானே? அதுக்கு எதுக்குடா அவ்வளவு தூரம் போனே?" என்று கேட்டார். அவர் கேட்டதில் சரித்திரமும் இருக்கிறது. காஸ் வருமுன் சென்னையின் அடுப்புகள் எரிந்தது சவுக்கு விறகில், அந்தச் சவுக்குக் கட்டைகள் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து இறங்கியது இதே கால்வாய்ப் படகுகளில்.

தண்ணீர் விஷயத்தில் பையன் எங்களுக்கே பாடம் எடுக்கப் பார்த்தான். படகில் ஒரு தொட்டி. கரையில் உள்ள குழாயிலிருந்து ஹோஸ் போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். உறைபனி வரும் நாட்களில் குழாய் வெடிக்காமல் இருக்கத் துறைமுகத்தார் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். ஆகையால் அளந்து அளந்துதான் குளியல். "தண்ணியோட அருமை படகுல இருந்தாத்தான் அத்தை தெரியும்" என்றான். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர்க்காரியிடம் சொல்கிறான்! அரிசி கழுவின தண்ணீரைச் செடிக்கும், துணி அலசின தண்ணீரைக் கழிப்பறைக்கும் என்று குடத்துக்குக் குடம் பட்டா போட்டு வைத்திருந்தவள் அவள். போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எங்களுக்கும் தொட்டி உண்டு. சம்ப் என்று பெயர், தரைக்கடியில் இருக்கும். கோடையில் அதில் தண்ணீர் வராதே என்று கவலை, ஐப்பசியில் வந்துவிடுமே என்று கவலை. முதல் புயல் சின்னம் உருவானதாக ரேடியோ சொன்னதும் எங்கள் கட்டடத்தில் சம்ப் மூடியைச் சுற்றி சிமெண்ட் பூசிவிடுவார்கள். அதற்குமேல் பாலிதீன், அதற்குமேல் இரண்டு மணல் மூட்டை. மோட்டாருக்குக் கீழே செங்கல் அடுக்கி உயர்த்துவோம். இன்வெர்ட்டர் பரண்மேல் ஏறும். மழை விட்ட மறுநாள் காலையில் மூடியை உடைத்து, ஒரு குவளை மொண்டு, அசோசியேஷன் செகரட்டரி முகர்ந்து பார்ப்பார். அந்த ஒரு நிமிஷம் நாலு மாடியும் மாடிப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவர் தலையை ஆட்டினால் குளியல். முகத்தைச் சுளித்தால் லாரி.

ஈரத்திலும் நாங்கள் சளைத்தவர்கள் இல்லை. படகின் இரும்புச் சுவர் குளிர்ந்து கிடப்பதால் உள்ளே விடுகிற மூச்செல்லாம் கண்ணாடியில் கோத்து வடிகிறதாம். சோறு வடித்தால் ஜன்னல் அழுகிறதாம். இங்கே கார்த்திகையில் தீப்பெட்டி பற்றாது, அப்பளம் பொரியாது, உப்பு ஜாடிக்குள் உப்பு மறுபடியும் கடலாகிவிடும். துவைத்த துணி ஹாலில், ஃபேனுக்குக் கீழே, கொடி கட்டித் தொங்கும். வருகிற விருந்தாளி ஒரு பாவாடையை விலக்கிக்கொண்டு வந்துதான் காபி வாங்கிக்கொள்ள வேண்டும். என் பெல்ட்டில் பச்சையாகப் பூஞ்சை பூத்திருந்தது. கடலோர உப்புக்காற்று கேட்டின் கீல், ஏசியின் வெளிப்பெட்டி, சைக்கிள் செயின் எல்லாவற்றையும் கூடப் பிறந்த பங்காளிபோல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது.

வாத்துகளை அவன் அடிக்கடி காட்டுவான். ரொட்டித் துணுக்குக்குப் படகைச் சுற்றி நீந்துகிற வாத்துகள். எங்கள் கால்வாய்க்கு அக்கரையில் பெருங்குடியைத் தாண்டினால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குப்பைமேட்டுக்குப் பக்கத்திலேயே பூநாரைகள் ஒற்றைக் காலில் நிற்கும். சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் ஊசிவால் வாத்துகள் குளிர்காலம் கழிக்க இங்கே வரும். இதை நான் சொன்னதும் என் மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாள்: "குளிர் தாங்கலைன்னா பெருங்குடிக்கு வரணும்னு வாத்துக்குத் தெரியுது. இவனுக்குத் தெரியலை."

பிரான்ஸ் கால்வாயில் குளிர்காலத்தில் கிடைக்காத பிராணி ஒன்று எங்களிடம் உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலை மூட மறந்த வீட்டில் அன்றைக்கு யாரும் டிவி பார்க்க முடியாது. குடும்பம் முழுக்க ஆளுக்கொரு கொசு பேட்டோடு பாட்மின்டன் ஆடிக்கொண்டிருக்கும். 2021-ல் டிரோனை விட்டே கால்வாயில் கொசு மருந்து தெளித்தார்கள். ஆகாய மார்க்கமாகத் தாக்கினால் அது யுத்தம் என்று கொசுக்கள் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. மேலே ஆகாயத்தாமரை பச்சைக் கம்பளம் விரித்துக் கூரை போட்டுக் கொடுக்க, கீழே அவை பாட்டுக்குக் குடும்பம் நடத்துகின்றன. கால்வாயில் இன்று உண்மையாகக் குடியிருப்பவை அவைதான்.

மனிதர்கள் குடியிருந்த காலமும் உண்டு. குப்பத்தில் எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். காலையில் டீக்கடை பெஞ்சில் அவருக்கு ஓர் ஓரம் நிரந்தரம். பையனின் படகைப் போனில் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நம்ப கால்வாயிலயும் இந்த மாதிரிதான் சார். கேளம்பாக்கத்து உப்பு, சவுக்குக் கட்ட, கிளிஞ்சல், அல்லாம் படகுலதான் போவும். காத்து கீதுன்னா பாய் போடுவான். இல்லாங்காட்டி கரையில எறங்கிக் கவுறு கட்டி இஸ்துக்கினு போவான். பொண்டாட்டி புள்ளைங்க உள்ளயேதான். சோறாக்குறது, கொயம்பு வைக்கிறது, அல்லாம் அதுலதான்."

"மழை காலத்துல?"

"மேல ஓல கட்டிக்குவான்."

"குளிராதா?"

"குளிரா? அது இன்னா சார் குளிரு?" என்று சொல்லிவிட்டு டீயை ஊதினார். அதை நான் துலூஸுக்குத் தெரிவித்தேன். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இன்சுலேஷன் இல்லாம எப்படி மாமா?" என்று கேட்டான்.

உப்புக்கும் விறகுக்கும் மட்டும்தான் இந்தக் கால்வாய் என்று நினைக்க வேண்டாம், கவிதையும் ஏறிப் போயிருக்கிறது. 1934-ல் பாரதிதாசன், ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, மயிலை சீனி. வேங்கடசாமி என்று ஒரு நண்பர் கூட்டம் நிலா வெளிச்சத்தில் இந்தக் கால்வாய் வழியே தோணியில் மாமல்லபுரம் போயிற்று. பாரதிதாசன் அதை 'மாவலிபுரச் செலவு' என்று பாடி வைத்தார். சென்னையில் ஏறித் தெற்கே போகிற தோணி கொட்டிவாக்கத்தைத் தொடாமல் போக வழியில்லை. ஆகவே எங்கள் மாவு மில்லுக்குப் பின்னால், மாவு மில் வருவதற்கு முன்னால், புரட்சிக் கவிஞர் கடந்து போயிருக்கிறார். அவர் புதுச்சேரிக்காரர். அன்றைக்குப் பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊர்.

அதே 1934-ல் பிரான்ஸில் ழான் விகோ என்ற இயக்குநரின் 'லாதலாந்த்' படம் வெளிவந்தது. புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி சரக்குப் படகில் குடித்தனம் செய்கிற கதை. முந்திய குளிர்காலத்தில், கால்வாய்க் கரைகளில் நடுங்கிக்கொண்டே எடுத்தார்கள். காசநோயில் விழுந்திருந்த விகோ அந்த அக்டோபரில் 29 வயதில் இறந்துபோனார். பையனுக்கு அந்தப் படத்தைப் பற்றி நான் சொல்லித்தான் தெரியும். பார்த்துவிட்டு, "படகுக்குள்ள அத்தனை பூனை மாமா, எப்படிச் சமாளிச்சாங்க?" என்றான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு காவியத்தில் எதைக் கவனிக்கிறார்கள் பாருங்கள்.

எனக்கு இருக்கிற ஒரே ஆதங்கம் மார்கழியில்தான் வரும். கச்சேரி சீசனுக்கு, முக்கியமாக சபா கேன்டீனுக்கு, மயிலாப்பூர் போக வேண்டும். எங்கள் தெருக் கோடியில் படகு ஏறினால் நேர் வடக்கே மயிலாப்பூர் தண்ணீர்த்துறை. தாத்தா காலத்தில் கத்தரிக்காய் அப்படித்தான் போயிற்று. நான் போக முடியாது. திருவான்மியூர் சிக்னலில் நின்று, அடையாறில் நின்று, மந்தைவெளியில் நின்று போய்ச் சேரும்போது அடை தீர்ந்து அவியல் மட்டும் இருக்கும். இப்போது அந்தத் தண்ணீருக்குள் தூண் நட்டு மேலே பறக்கும் ரயில் விட்டிருக்கிறார்கள். படகு போன வழியில் ரயில் போகிறது. ஒரு நாள் ரயில் போகிற வழியில் படகு போகலாம், 2015 டிசம்பர் வெள்ளத்தில் கிட்டத்தட்ட போயிற்று.

அதனால்தான் எங்கள் அசோசியேஷனில் படகு வாங்கும் விஷயம் எழுந்தது. 2023 டிசம்பர் ஆரம்பத்தில் மிக்ஜாம் புயல். கடல் கொந்தளிக்கும்போது முட்டுக்காடு முகத்துவாரத்தில் தண்ணீர் இறங்காது. பள்ளிக்கரணை நிரம்பி ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாய்க்கு வரும். கால்வாய் தன் பங்குக்கு எங்கள் தெருவுக்கு வரும். பால், மின்சாரம், சிக்னல் மூன்றும் போய்விட்டன. காரப்பாக்கத்தில் ஆமிர் கானையும் விஷ்ணு விஷாலையும் தீயணைப்புத் துறையினர் படகில் மீட்ட படம் மட்டும் எப்படியோ எல்லார் போனுக்கும் வந்து சேர்ந்தது. தண்ணீர் வடிந்த கையோடு அவசரப் பொதுக்குழு கூடியது. "ஆமிர் கானுக்கே படகு தேவைப்படுது, நமக்கு வேண்டாமா?" என்று கீழ்த்தளத்துக்காரர் ஆரம்பித்தார்.

மூன்றாவது மாடிக்காரர் எழுந்தார். "எங்க வீட்டுக்குத் தண்ணி வராது. நான் எதுக்குப் பணம் தரணும்?"

கீழ்த்தளத்துக்காரர் இதற்காகப் பல வருஷம் காத்திருந்தவர்போல் புன்னகை செய்தார். லிஃப்ட் ரிப்பேருக்கு அவர் பைசா கொடுத்தது கிடையாது. 'நான் லிஃப்டில் ஏறுவதே இல்லையே' என்பது அவர் வாதம். இப்போது இரண்டு வாதமும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தன. பாங்கில் இருந்து ரிட்டயர் ஆன செகரட்டரி ஒரு சமரசம் சொன்னார்: லிஃப்ட்டுக்குக் கீழ்த்தளம் பாதிப் பங்கு, படகுக்கு மூன்றாவது மாடி பாதிப் பங்கு. இரண்டு பேரும் ஒரே குரலில் மறுத்தார்கள். அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

அடுத்து, படகை எங்கே வைப்பது? கார் பார்க்கிங்கில் வைத்தால் வெள்ளம் கொண்டுபோய்விடும். வெள்ளம் கொண்டுபோகாமல் கட்டி வைத்தால், சாவி யாரிடம்? மொட்டை மாடியில் வைத்தால் இறக்குவது எப்படி? லிஃப்டில் நுழையாது, நுழைந்தாலும் அன்றைக்கு கரண்ட் இருக்காது. காற்றடைக்கும் ரப்பர் படகாக வாங்கி மடித்து வைக்கலாம் என்றார் ஒரு இளைஞர். காற்றடிக்கும் பம்புக்கும் கரண்ட் வேண்டுமே என்றார் இன்னொருவர். காலால் மிதிக்கிற பம்பு உண்டு என்றதும் யார் மிதிப்பது என்பதில் அரை மணி நேரம் போயிற்று. இரண்டாவது மாடியம்மா, "நாயை ஏத்தலாமா கூடாதா, அதை முதல்ல சொல்லுங்க" என்றார். லிஃப்டில் நாயை ஏற்றுகிற வழக்கே இன்னும் தீர்ந்தபாடில்லை.

கடைசியில் செகரட்டரி கேட்டார்: "நீச்சல் தெரிஞ்சவங்க கை தூக்குங்க."

வாட்ச்மேன் மட்டும் தூக்கினார். தூக்கின கையை இறக்காமலே, "ஆனா மழைன்னா நான் ஊருக்குப் போயிடுவேன் சார்" என்றார்.

உபகமிட்டி அமைப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. 2024 அக்டோபரில் மறுபடியும் கனமழை எச்சரிக்கை வந்தபோது, வேளச்சேரிக்காரர்கள் காரையெல்லாம் மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தியது நாடு முழுக்கச் செய்தியானது. எங்கள் உபகமிட்டி அங்கத்தினர்களும் அவரவர் காரை மேட்டில் நிறுத்த ஓடிவிட்டதால் கூட்டம் கோரம் இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டது.

பையனிடம் யோசனை கேட்டேன். அவன் உண்மையான படகுக்காரன் ஆயிற்றே. "படகு வாங்கறது சுலபம் மாமா. இங்க பத்து வருஷத்துக்கு ஒரு தடவை கரையேத்தி, அடித்தகடு எவ்வளவு தேஞ்சிருக்குன்னு அளந்து பார்ப்பாங்க. சர்டிபிகேட் இல்லாம குடியிருக்க முடியாது" என்றான். எங்கள் கட்டடத்தை யாராவது பத்து வருஷத்துக்கு ஒரு தடவை தூக்கி அடித்தளத்தைப் பார்த்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

அவன் அடுத்த குளிர்காலத்துக்கு இங்கே வருவதாகச் சொல்கிறான். "கொட்டிவாக்கத்துலேர்ந்து படகுல எங்கயாவது போக முடியுமா மாமா?" என்றான். சட்டப்படி போகலாம். 2008 நவம்பரில் மத்திய அரசு, காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை உள்ள கால்வாய்களை தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்துவிட்டது. எங்கள் மாவு மில்லுக்குப் பின்னால் ஓடாமல் நிற்பதும் அதில் சேர்த்தி. ஆக, கொட்டிவாக்கத்தில் கால்வாய்க் கரையில் ஏறி, மரக்காணம் தாண்டி, கழுவேலி ஏரி வழியாகப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊருக்கே படகில் போய் இறங்கலாம், காகிதத்தில். நிஜப் படகுதான் வேண்டும் என்றால் முட்டுக்காடு படகுத் துறையில் டிக்கெட் வாங்கி, லைஃப் ஜாக்கெட் மாட்டி, ஒரு சுற்று வந்து இறங்கிக்கொள்ள வேண்டியது.

இந்தப் பக்கம் வீடு வாங்க நினைக்கிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. புரோக்கர்கள் 'கெனால் வியூ' என்பார்கள், காற்று வரும் என்பார்கள், எல்லாம் உண்மைதான். நீங்கள் புரோக்கரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். நேரே வாட்ச்மேனிடம் போய், 2015-ல் தண்ணீர் எத்தனாவது படி வரை ஏறியது, 2023-ல் எத்தனாவது படி என்று இரண்டே கேள்வி கேளுங்கள். வில்லங்கச் சான்றிதழில் வராத வில்லங்கம் அவருக்குத் தெரியும். கேட்டுவிட்டு மூன்றாவது மாடியாகப் பார்த்து வாங்குங்கள். படகு நிதிக்குப் பாதிப் பங்கு கேட்பார்கள், கொடுத்துவிடாதீர்கள்.